மாமனாரை ஏற்றிச் சென்ற சங்க வண்டி

விதிகள் எழுதுவதில் எனக்கு ஒரு காலத்தில் அடங்காத ஆசை இருந்தது. இதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமில்லை. படவேண்டிய வெட்கத்தையெல்லாம் ஒரே சனிக்கிழமையில் பட்டு முடித்துவிட்டேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருடம். எனக்கு இருபத்தாறு வயது. மலாக்காவில் ஒரு ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. அதோடு, காஜா பெராங் பகுதியில் நம் ஆட்கள் நடத்திய நலச் சங்கத்துக்குச் செயலாளர். (வேறு யாரும் அந்தப் பதவிக்கு நிற்கவில்லை. இதை நான் அப்போது வெளியில் சொல்வதில்லை.) சந்தா கட்டியவர் வீட்டில் யாராவது இறந்தால் சுடுகாட்டுக்கு வண்டி அனுப்புவதுதான் சங்கத்தின் ஒரே வேலை. அதற்கென்று ஒரு கறுப்பு வேன் இருந்தது.

நாடே புதிதாகிவிட்டது, சங்கம் மட்டும் அப்படியே கிடக்கலாமா என்று எனக்கு ஒரு வேகம். "உறுப்பினர் வீட்டு முதியோர் நோய்வாய்ப்பட்டால், அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லச் சங்கம் இலவசமாக வண்டி அனுப்பும்" என்று ஒரு விதி எழுதிக் கூட்டத்தில் வாசித்தேன். பலமாகக் கைதட்டினார்கள். எந்த வண்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, எங்களோடு இருந்த என் மாமனாருக்குக் காலைப் பசியாறலின்போது நெஞ்சை அடைத்தது. ரோடு போடும் இலாகாவில் முப்பது வருடம் உழைத்த கனத்த சரீரம். வியர்த்து ஊற்ற, சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சுக்குத் திணறினார். மாமியார் மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். என் மனைவி கமலா கைக்குழந்தையோடு வாசலுக்கு ஓடி ஆளைக் கூப்பிட்டாள்.

எதிர்வீட்டு டாக்சிக்காரர் யூசோப் உடனே காரைக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்தார். "ஏத்துங்க, ஏத்துங்க, காசு பேச்சே வேணாம்" என்று மலாயில் சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றி சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினேன். "சங்க வண்டிக்கு ஆள் அனுப்பியிருக்கேன். நம்ம விதிக்கு மாமாதான் முதல் ஆள்" என்றேன். கமலா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

வண்டி வர அரைமணி நேரம் ஆனது. உள்ளே கிடந்த பழைய பூவையெல்லாம் கூட்டிப் பெருக்க வேண்டியிருந்ததாம். பக்கவாட்டில் பெரிய வெள்ளை எழுத்தில் 'இறுதி யாத்திரை' என்று இருந்தது. அதை மறைக்க, புத்திசாலியான நான் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துப்பட்டியை எடுத்துத் தொங்கவிட்டேன். அதன்பிறகு இது சாவு ஊர்வலம்தானா என்று சந்தேகப்பட நினைத்தவனுக்கும் சந்தேகம் போய்விட்டது.

மாமனாரைப் பலகையில் படுக்க வைத்தோம். வண்டி ஊர்ந்தது.

"கொஞ்சம் வேகமா போங்கண்ணே" என்றேன்.

"பின்னால ஆளுங்க நடந்து வருவாங்கன்னு மெதுவாவே ஓட்டிப் பழகிடுச்சு தம்பி" என்றார் டிரைவர் அந்தோணி. "வண்டிக்கும் அதே பழக்கம்தான். அமுக்கினா இருமும்."

ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் நுழைந்ததும் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். காப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கே தொப்பியைக் கழற்றினார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மாமனார் அந்த நேரம் பார்த்து எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைக் கொண்டுபோனார். துணிக்கடை வாசலில் துணி அளந்துகொண்டிருந்தவர் அளவுகோலைக் கீழே போட்டார்.

"என்ன மாப்பிள்ள, எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க?"

"உங்க மேல உள்ள மரியாதை மாமா."

அவர் நம்பிவிட்டார். அந்த மூச்சுத் திணறலிலும் இரண்டு கையையும் கூப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். முச்சந்தியில் நின்ற போலீஸ்காரர் மற்ற வண்டிகளையெல்லாம் நிறுத்தி எங்களை முதலில் விட்டார். சங்க வண்டியில் போனதால் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டுப் பிராணவாயுக் குழாய் வைத்தார். நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கமலாவின் முகத்தில் எப்படி விழிப்பது? ஒரு விதிக்காக அரைமணி நேரம் காத்திருந்தேன் என்றா சொல்வது? வெகு நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "பொழச்சிக்குவாரு. உட்கார வச்சிக் கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றார். (நான் படுக்க வைத்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.)

சற்று நேரத்தில் மாமியார் பாசார் கூடையோடு ஓடிவந்தார். கூடையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டியது. சங்க வண்டியில் கணவரைக் கண்டதாக யாரோ பாசாரிலேயே சொல்லிவிட்டார்கள். கட்டிலில் அவர் கண் விழித்திருப்பதைப் பார்த்ததும், அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உயிரோட இருக்கிற மனுசன அந்த வண்டியிலயா ஏத்துன?"

கல்யாணமான நாள் முதல் 'வாங்க, போங்க' என்றவர். அன்றுதான் முதன்முறையாக ஒருமைக்கு இறங்கினார். நானும் அதற்குத் தகுதியாகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நாளில் மாமனாரை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். புத்தி வந்ததா எனக்கு? திரும்பி வரவும் சங்க வண்டியைக் கேட்டுத் தலைவரிடம் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிப் புத்தகத்தைப் பிரித்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லன்னுதான் இருக்கு தம்பி. கொண்டுவர்றதப் பத்தி ஒன்னும் இல்லியே. நீங்கதான எழுதினீங்க?"

"எழுதும்போது தோணல தலைவரே."

"நம்ம வண்டியும் இதுவரைக்கும் யாரையும் திருப்பிக் கொண்டுவந்ததில்ல" என்று புத்தகத்தை மூடினார்.

ஆஸ்பத்திரி வாசலில் யூசோப் டாக்சியோடு நின்றார். நான் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு முகமும் இல்லை. மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை முழுக்க இறக்கச் சொன்னார். ஜாலான் பெண்டஹாரா வழியாகத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கடைக்குக் கடை காரை நிறுத்தி, தன் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். துணிக்கடைக்காரர் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில் விதியைத் திருத்தினோம். 'கொண்டுசெல்ல' என்பதோடு 'திரும்ப அழைத்துவர' என்றும் சேர்த்தோம். வண்டிக்கு நீலச் சாயம் அடித்தோம். அதற்குப் பிறகு மாமனார் பதினொரு வருடம் இருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அந்தக் கதையை, நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சொன்னார்.

இப்போது எனக்கும் முதுமை வந்துவிட்டது. மகள் எனக்காக மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று ஒரு முகவரை வீட்டுக்கு வரவழைத்தாள். ஆம்புலன்ஸ் வசதி உண்டு என்று அவர் விரலால் ஒரு வரியைக் காட்டினார். அவள் அந்த வரியைப் பார்க்கவே இல்லை.

"போறது இருக்கட்டும்" என்றாள். "அப்பாவத் திரும்பக் கொண்டுவர்றத எங்க எழுதியிருக்கீங்க?"