மறுபடி ஓட்டிப் பார்ப்பவர்

விடை பிடிக்காவிட்டால் கேள்வியைத் திருத்துகிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது, வாசகரே. எடை மெஷின் கூடுதலாகக் காட்டினால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும். பிறகு பெல்ட்டை, பிறகு பர்ஸை, கடைசியில் மூச்சையும் வெளியே விட்டுவிட்டு ஏறும். அப்போதும் முள் இறங்காவிட்டால், மெஷின் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கும்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் ஒரு கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பிரிவுத் தலைவர். ஆபீஸில் அவருக்குப் பெயர் 'மறுபடி சார்'. நடந்து முடிந்த விபத்துகளுக்கு இனிமேல் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்று மதிப்பிட்டு, அதை இப்போதே ஒதுக்கி வைக்கச் சொல்வது அவர் வேலை. இதற்கென்று ஒரு சாப்ட்வேர் வந்தது. வந்த நாளிலிருந்து அவர் கால் தரையில் படவில்லை. பட்டனைத் தட்டினால் வண்ணக் கோடுகள் ஏறி, வளைந்து, நெளிந்து, கடைசியில் ஒரு தொகையைக் கக்கும். தொகை பெரிதாக இருந்தால் என்ன செய்வார்? "மறுபடி ஓட்டு!" மழை கொட்டின வருஷத்தை எடுத்துட்டு ஓட்டு. லாரியில மோதினதை எல்லாம் விட்டுட்டு ஓட்டு. போன வருஷமே வேண்டாம், அது ராசியில்லாத வருஷம், ஓட்டு! கம்ப்யூட்டருக்குக் கண் இருந்தால் அழுதிருக்கும்.

ஆண்டு முடிவு வந்தது. ஒதுக்கும் தொகை சின்னதானால் லாபம் பெரிதாகத் தெரியும், போனஸும் வரும் என்று எம்.டி. ஆசைப்பட்டார். திரையின் அடியில், 'நடந்தும் இன்னும் நம்மிடம் சொல்லப்படாத விபத்துகள்' என்று, இழுத்துக் கூட்டவோ குறைக்கவோ ஒரு நகர்த்தி இருந்தது. மறுபடி சார் அதைப் பிடித்து ஒரே இழுப்பில் பூஜ்யத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

கூடவே கையெழுத்துப் போடவேண்டிய உதவி மேலாளர் பதறிப்போனாள்.

"சார், கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கிறவங்க எழுந்து வந்துதானே கேப்பாங்க? அப்போ கையை விரிப்பீங்களா?"

"இந்தக் காலத்துல விபத்தை யாரும்மா மறைக்கிறாங்க? உரசின கையோட போட்டோ எடுத்து அனுப்பிடறாங்க."

"நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்."

"பசியில பேசறே. சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம்."

தொகையைக் கேட்டுக் குளிர்ந்துபோன எம்.டி., "இன்னிக்கு உங்க கார்லயே சாப்பிடப் போலாம்" என்று கிளம்பிவிட்டார். கீழே வந்து இடதுபக்கக் கதவை இழுத்தார். திறக்கவில்லை. காலை ஊன்றி இழுத்தார். ஊஹூம். அப்புறம்தான் இருவரும் குனிந்து பார்த்தார்கள். கதவிலிருந்து பின்சக்கரம் வரை, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஒரு பள்ளம்!

வீட்டில் அந்தப் பக்கம் எப்போதும் சுவரோரமாகத்தான் நிற்கும். கொஞ்ச நாளாக மனைவியே, வழக்கமில்லாத அக்கறையோடு, சுவரை ஒட்டி நிறுத்திவந்தாள். மறுபடி சார் ஸ்பீக்கரிலேயே அவளுக்குப் போன் போட்டார்.

"நம்ம கார் இடது பக்கம்..."

"பாத்துட்டீங்களா?"

"எப்போ ஆச்சு?"

"அது ஆச்சு, ரெண்டு மாசம். பார்க்கிங்ல ஒரு தூண்."

"ஏன் சொல்லலே?"

"நீங்க சந்தோஷமா இருக்கிற நாளாப் பாத்து சொல்லலாம்னு இருந்தேங்க. அந்த சாப்ட்வேர் வந்ததுலேருந்து தினமும் சந்தோஷமாவே இருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

எம்.டி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் நின்ற அவருடைய டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"ஐயா சிரிக்கிறப்பவே நானும் ஒண்ணு சொல்லிடறேங்க. நம்ம வண்டி பின்பக்கம்..."

எம்.டி.யின் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குள் வாசல் காவலர், தடுப்புக் கம்பு யாருடைய காரின் மேலோ விழுந்த கதையை ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டுப் பையோடு வந்த உதவி மேலாளர் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

சாப்பிடாமலே மேலே போனார்கள். மறுபடி சார் நகர்த்தியை, பழைய இடத்தையும் தாண்டி ஒரு விரற்கடை தள்ளி வைத்தார். தொகை பொங்கிக்கொண்டு வந்தது. அவர் வாய் 'மறு...' என்று தொடங்கி, தானாகவே மூடிக்கொண்டது. எம்.டி. பெருமூச்சு விட்டார். "ஒதுக்கி வைங்க. வேற வழி?" உதவி மேலாளர் கையெழுத்துப் போட்டாள். எம்.டி.க்கு அந்த வருஷம் போனஸ் இல்லை.

வீட்டுக்கு வந்த மறுபடி சார் மனைவியிடம் கோபப்படவில்லை. "உனக்கு அடி ஏதும் படலையே?" என்றுதான் கேட்டார்.

"கழுத்து ஒரு வாரம் வலிச்சுது. அப்போதான் தலகாணி சரியில்லேன்னு சொல்லி, புதுசு வாங்கிக் குடுத்தீங்க."

அடுத்த நாளே டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் படமெடுத்துப் பார்த்து, "கழுத்து நல்லா இருக்கு, ஒண்ணுமில்லே" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, பிடித்த விடை கிடைத்த பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இன்னொரு தடவை நல்லா பாருங்க டாக்டர்."

நல்லவேளை, நமக்கு இந்த வியாதி இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். உங்கள் போனின் முகப்பில் சிரிக்கிற உங்கள் படத்தைக் கொஞ்சம் பாருங்கள். அது எத்தனையாவது தடவை எடுத்தது?