மாளிகாவத்தையில் குந்திய கார்

ஒரு விஷயம் முழுதாகத் தெரிந்தால் நான் வாயே திறக்கமாட்டேன். அரைகுறையாகத் தெரிந்துவிட்டால் என்னை நிறுத்த ஆளில்லை. இந்தக் குணத்தால் நான் பட்ட அவமானங்களை வரிசைப்படுத்தினால், முதலிடம் என் மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோன அந்தக் காலைக்குத்தான்.

அப்போது நான் வெள்ளவத்தையில் பழைய ஜப்பான் கார் ஒன்று வாங்கி மூன்று மாதம். சாதாரணக் கார் அல்ல. எயார் சஸ்பென்ஷன் உள்ள கார். அதாவது, சக்கரத்துக்கு மேலே இரும்புச் சுருள் இருக்கவேண்டிய இடத்தில் காற்றடைத்த ரப்பர் பைகள் இருக்கும். பள்ளத்தில் விழுந்தால் பை அமுங்கும், உள்ளே இருப்பவர் அசையமாட்டார். ஒரு பொத்தானை அழுத்தினால் கார் உயரும், இன்னொன்றை அழுத்தினால் தாழும். இதையெல்லாம் இரண்டு வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டு, மீன்காரருக்குச் சொன்னேன். கோயிலில் பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னேன். பல் டொக்டர் என் வாய்க்குள் கருவியை வைத்திருந்தபோது அவருக்கும் சொன்னேன். (அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.)

காரில் ஒரு பெண் குரலும் இருந்தது. அவ்வப்போது ஜப்பான் மொழியில் மிகவும் பணிவாக ஏதோ சொல்லும். கூடவே ஒரு மஞ்சள் விளக்கும் எரியும். "என்னப்பா சொல்லுறா?" என்று என் மனைவி வதனி கேட்டபோது, "வணக்கம் சொல்லுறா. ஜப்பான்காரர் மரியாதையான ஆக்கள்" என்று விளக்கம் கொடுத்தேன்.

மாமா ஓய்வுபெற்ற தபால் அதிபர். கொட்டாஞ்சேனையில் தனி வீடு. அவருக்கு முள்ளந்தண்டில் ஒபரேஷன் முடிந்திருந்தது. "ஆறு கிழமைக்கு ஒரு குலுக்கமும் இருக்கக்கூடாது" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வதனி அம்புலன்ஸ் பிடிப்போம் என்றாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"அம்புலன்ஸில என்ன சஸ்பென்ஷன் இருக்கு? என்ர காரில தேத்தண்ணிக் கோப்பையோட போகலாம், ஒரு சொட்டும் சிந்தாது."

"கோப்பையைக் கொண்டுபோங்கோ. நான் அப்பாவைப் பற்றிக் கதைக்கிறன்."

மாமாவோ மருமகன் மனம் நோகக்கூடாது என்று நினைக்கும் மனிதர். "தம்பி சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றுவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் தாதிமார் பார்த்துக்கொண்டிருக்க, நான் பொத்தானை அழுத்திக் காரைத் தாழ்த்தினேன். மாமா முன்னிருக்கையில் சிரமமில்லாமல் ஏறி, சாய்ந்து படுத்தார். வதனி எக்ஸ்ரே உறையோடு பின்னால் ஏறினாள். மற்றப் பொத்தானை அழுத்தினேன். கீழே எங்கோ ஒரு மோட்டார் இருமியது. கார் மனமில்லாமல் எழும்பியது. பெண் குரல் ஏதோ சொன்னது.

"ஆர் தம்பி அது?" என்றார் மாமா.

"வணக்கம் சொல்லுறா, மாமா."

மாமா காரின் முன்பக்கத்தைப் பார்த்துக் கைகூப்பி வணக்கம் சொன்னார்.

பொரளை வரைக்கும் சொர்க்கம். மாமாவே, "கப்பலில போறமாதிரி இருக்கு" என்றார். நான் கண்ணாடியில் வதனியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். மாளிகாவத்தையை நெருங்கியபோது அந்தப் பெண் இரண்டு நிமிடத்துக்குள் நான்கு முறை வணக்கம் சொன்னாள். மஞ்சள் விளக்கு சிவப்பானது. பிறகு, பெரிய பலூனைத் திறந்துவிட்டதுபோல 'புஸ்ஸ்ஸ்' என்றொரு சத்தம். பயந்துபோய் இடப்பக்கமாக ஒதுக்கி, நடைபாதையோடு ஒட்டி நிறுத்தினேன். கார் ஒட்டகம் குந்துவதுபோல ஆறுதலாக, முழுதாக, றோட்டில் குந்திவிட்டது.

மாமாவுக்கு ஒரு குலுக்கமும் இல்லை, உண்மைதான். ஆனால் அவர் பக்கக் கதவு திறக்கவில்லை. கார் தாழ்ந்துபோனதில் கதவின் அடி நடைபாதைக் கட்டின்மேல் முட்டிக்கொண்டு நின்றது. என் பக்கமாக இழுத்தெடுப்பதென்றால் அவர் முள்ளந்தண்டைத் திருப்பவேண்டும். ஜாக்கியை எடுத்தேன். காருக்கும் றோட்டுக்கும் இடையில் தபாலட்டைகூடப் போகாது, ஜாக்கி எப்படிப் போகும்?

முன்னால் இருந்த மெத்தைக் கடையிலிருந்து அதன் முதலாளி ரவூப் நானா (பெயர் பிறகுதான் தெரியவந்தது) இறங்கி வந்தார்.

"என்ன தம்பி, காரு குந்திட்டீக்கி?"

வதனி காரைவிட்டு இறங்கி விஷயத்தைச் சொன்னாள். (நான் காற்றுப்பைகளின் தத்துவத்திலிருந்து தொடங்கியதால் அவள் குறுக்கிட வேண்டியிருந்தது.) ஐந்து நிமிடத்தில் பதினாறு பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பல வருடம் ஜப்பானில் வேலை செய்தவர். அந்தக் குரல் இன்னும் பணிவாகப் பேசிக்கொண்டிருந்தது. அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"காத்து எறங்குது, ஓட்டவாணாம், உடனே காட்டுங்கன்னு சொல்றா. எப்பருந்து சொல்றா?"

"மூண்டு மாசமா," என்றாள் வதனி. என்னைப் பார்க்கவேயில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சஸ்பென்ஷன் சுகத்துக்கு மட்டும் அல்ல, ரயரை றோட்டோடு பிடித்து வைத்திருப்பதும் அதுதான் என்று வீடியோவில் நானே கேட்டிருந்தேன். ஊருக்கெல்லாம் சொன்னதை எனக்குச் சொல்ல மறந்திருக்கிறேன்.

காரைத் தூக்கி நடைபாதையிலிருந்து தள்ளி வைப்பதென்று முடிவாயிற்று. முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம். எல்லோரும் சக்கர வளைவுகளைப் பிடித்துக் குனிந்தார்கள். நான் மட்டும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"நீர் இறங்கேல்லையோ, தம்பி?" என்றார் மாமா.

"பிரேக் பிடிக்கவேணும், மாமா."

"தூக்கின காருக்கு என்ன பிரேக்?"

அதற்குள் "பிஸ்மில்லா!" என்று ரவூப் நானா குரல் கொடுத்தார். கார் எழும்பியது. நாங்கள் இரண்டு பேரும் அந்தரத்தில் இருந்தோம். ஒரு முழம் நகர்ந்து, பூப்போல இறங்கினோம். மாமா கண்ணை மூடிச் சொன்னார், "இவ்வளவு நேரத்தில இதுதான் தம்பி ஆக நல்ல ஓட்டம்."

கடையின் லொறியில், விலைச்சீட்டு கழற்றாத புது மெத்தையில் படுத்து அவர் கொட்டாஞ்சேனைக்குப் போனார். இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த பழங்கால ஸ்பிரிங் உள்ள லொறி. வழியெல்லாம் நித்திரை என்று கூடப்போன வதனி சொன்னாள். மறுநாள் பார்த்த டொக்டர் எல்லாம் சரி என்றார். நான் கராஜுக்குப் போய்ச் சேர்ந்தது இழுவை வண்டியின் முன்னிருக்கையில், சாரதிக்குப் பக்கத்தில். பிறகு மெக்கானிக் அந்தப் பைகளைக் கழற்றிக் காட்டினார். ரப்பர் கிழட்டு யானையின் காதுபோல வெடித்திருந்தது. "சிஸ்டம் நல்லது சேர், பாக்காம விட்டதுதான் பிழை" என்றார்.

அதற்குப் பிறகு மாமாவும் ரவூப் நானாவும் இணைபிரியாத கூட்டாளிகள். ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் குடும்பம் முழுதும் நானா வீட்டில்தான் சாப்பாடு. கதையும் அங்கேதான் வளர்கிறது. பதினாறு பேர் இருபத்தைந்தாகி, இப்போது நாற்பதில் நிற்கிறது. போன பெருநாளில், நான் முன்பின் கண்டிராத ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்து, தான் தோள் கொடுத்துத் தூக்கியதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"உள்ளுக்கு ஒரு டிரைவர் எறங்காமெ குந்திட்டு ஈந்தான் தம்பி. அந்த மடையனையும் சேத்துத்தான் தூக்கினோம். நீங்களும் அண்டைக்கு அங்க ஈந்தீங்களாம். எந்தப் பக்கம் புடிச்சீங்க?"

எதிரே மாமா பிரியாணிக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்.

"நான் உள்பக்கம் பிடிச்சனான்," என்றேன்.