மூன்றாம் பதிப்பும் என் நிச்சயதார்த்தமும்

நிரல் எழுதக் கற்றவனுக்கு அறிவு வருமுன்னே திமிர் வந்துவிடும். எனக்கு அது எண்பதுகளின் கடைசியில் வந்தது. வந்த வேகத்தில் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அன்றைய கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலக் கடிதம் அடிக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் முதுகில் ஏறிக்கொண்டு தமிழில் அச்சடிக்கும் துணை நிரல் ஒன்றை நான் எழுதியிருந்தேன். அந்தத் தாய் மென்பொருள் இடம் கொடுத்தால்தான் என்னுடையது ஓடும். (வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

குற்றாலத்தில் தங்கும் விடுதி வைத்திருந்த என் தாய்மாமாதான் முதல் வாடிக்கையாளர். வரவேற்பு மேஜையில் கணினி. சாரலில் பூசணம் பிடித்துவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டு, பக்கத்தில் எந்நேரமும் எரியும் குண்டு பல்பு. கணினியை இயக்கியவள் மாமா மகள் கோமதி. ‘ஐந்தருவியில் வெள்ளம், குளிக்க வேண்டாம்’ என்று காலையில் அவள் தமிழில் அடித்து ஒட்டும் அறிவிப்பைப் பார்க்கப் பக்கத்து விடுதிக்காரர்களே வருவார்கள். எனக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசியிருந்தார்கள். எனக்குச் சம்மதம். சம்மதம் என்ன, தவம்.

அந்தச் சமயத்தில் தாய் மென்பொருளின் நான்காம் பதிப்பு வெளிவந்தது. மாமாவிடம் இருந்தது மூன்றாவது. மூன்றாவதில் தமிழை நுழைக்க நான் ஜன்னல் ஏறிக் குதிக்க வேண்டியிருந்தது. நான்காவதில் வாசற்கதவையே திறந்து வைத்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் துணை நிரலைப் புதிதாக எழுதி, ஜன்னல் வழியை அடியோடு அடைத்துவிட்டேன். பழைய பதிப்பில் யாராவது ஓட்டினால் ஒரு செய்தி மட்டும் அச்சாகும்படி செய்தேன். ‘இங்கே ஓடாது’ என்று சுருக்கமாக எழுதியிருக்கலாம். கணிதத்தில் முதுகலை படித்தவன் அப்படி எழுதுவானா?

“நாலாவத வாங்கிருங்க மாமா” என்று சொல்லியிருந்தேன். “பாக்கலாம்” என்றார் மாமா. வாங்கிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டேன். (எங்கள் பக்கம் பெரியவர்கள் ‘பாக்கலாம்’ என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இது தெரியாமல் எப்படித்தான் தென்காசியில் வளர்ந்தேனோ!)

விடுதிக் கூடத்தில் நிச்சயதார்த்தம். லக்னப் பத்திரிகையைக் கணினியில் அடித்து வாசிக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. ராகுகாலம் தொடங்குமுன் வாசித்துத் தட்டு மாற்றியாக வேண்டும். கோமதியை அசத்துவதற்காக, அவளுடைய பிளாப்பியில் பழைய துணை நிரலை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். அவளிடம் கேட்கவில்லை. அச்சு இயந்திரம் கிறீச்சிட்டது. வந்த தாளை என் பெரியப்பா வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சபைக்கு முன்னால் கணீரென்று வாசித்தார்.

“இன்னும் மூன்றாம் பதிப்பையே கட்டி அழும் அன்பரே! உலகம் எங்கோ போய்விட்டது. அதை அருவியில் எறிந்துவிட்டு நான்காவதை வாங்கி வாரும். அதுவரை என்னைத் தொந்தரவு செய்யாதீர்.”

கீழே என் பெயர், பட்டத்துடன். அதையும் வாசித்தார்.

சபைக்குப் புரியாமல் போயிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அந்த மூன்றாம் பதிப்பின் பெருமையை மாமா சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம் ஆகும்வரை சொல்லியிருந்தார்.

“ஏலே, மூணாவது ஒனக்கு என்னலே குத்தம் செஞ்சுது?” மாமாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. “மெட்ராஸ்லேருந்து பச்சப்புள்ளய மாதிரி மடியில வச்சுக் கொண்டாந்தேம்லே!”

“புதுசு வந்ததும் பழச அருவியில போடச் சொல்லுதான்” என்றாள் அத்தை. “நாளைக்கு எம் மகளுக்கு நாலு முடி நரைச்சா எங்கன கொண்டு போடுவானோ!”

“அன்னைக்கு எங்க ரேடியோவயும் இப்பிடித்தான் தூக்கிப் போட்டுட்டான் மதினி” என்றாள் என் அம்மா. (பெற்ற தாய்!)

“ஒரு நிமிஷம் மாமா, சரிபண்ணிருதேன்” என்று கணினி முன் உட்கார்ந்து, பதிப்பு எது என்று பார்க்கும் இடத்தை மட்டும் நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். அது மூன்றாம் பதிப்பில் இல்லாத வாசற்கதவைத் தேடி ஓட ஆரம்பித்தது. வெற்றுத்தாள் வந்தது, வந்துகொண்டே இருந்தது. அணைக்கப் போனேன்.

“ஓடுத மிஷின அணைச்சா கெட்டுப்போயிரும், தொடாதலே!” என்று மாமா கையைப் பிடித்துக்கொண்டார்.

தொடர்தாள் மேஜையிலிருந்து வழிந்து, நடையைக் கடந்து, வெளிவாசலுக்குப் போனது. அங்கே ஒரு குரங்கு அதன் நுனியைப் பிடித்து இழுத்தது. பெரியப்பா ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தார்.

“விடாதீய அண்ணாச்சி!” என்று கூட்டம் உற்சாகப்படுத்தியது. குரங்கு ஜெயித்தது.

கோமதி பட்டுப்புடவையோடு வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

“பிளாப்பியில இருந்த பழசு எங்க அத்தான்?”

“அதுமேலதான் புதுச ஏத்தினேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? நாளைக்கு வெள்ளம் வந்தா எதுல அடிச்சு ஒட்டுவேன்?”

நான் பிளாப்பியை வெளியே எடுத்துத் துடைத்தேன்.

“மூணுல ஓட வைக்க முடியாதா, இல்ல மனசில்லையா?”

“முடியும்” என்றேன். “மனசில்ல.”

“அப்ப ஓட வையுங்க. பெறவு தட்ட மாத்தலாம்.”

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை தட்டிலிருந்த பழத்தையே எடுத்து உள்ளே வைக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்த பெரியப்பாதான் பேனாவைத் திறந்து, பத்திரிகையைக் கையாலேயே எழுதினார். மணமக்கள் பெயர், முகூர்த்த நாள் எல்லாவற்றுக்கும் கீழே: ‘மாப்பிள்ளை இனி எழுதும் எந்தத் துணை நிரலும் மாமனாரின் மூன்றாம் பதிப்பில் ஓட வேண்டியது.’ சபையில் வாசித்தார். “சம்மதம்” என்றேன். ராகுகாலத்துக்குச் சற்று முன்னால் தட்டு மாறியது.

மாமா இருந்தவரை புதுப் பதிப்பு வாங்கவில்லை. தாய் மென்பொருள் ஒவ்வொரு முறை வளர்ந்தபோதும் நான் தென்காசியில் பஸ் ஏறி, அந்தத் துண்டை விலக்கி, ஜன்னல் வழியே குதித்துக் காட்டிவிட்டு வந்தேன். பழைய பதிப்பு வைத்திருந்த ஊர்க்காரர்களெல்லாம் என் நிரலைத்தான் தேடி வாங்கினார்கள். அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை.

இன்றும் எங்கள் குடும்பத்தில் நிச்சயம் என்றால், தட்டு மாற்றுமுன் யாராவது மாப்பிள்ளையிடம் “மூணுல ஓடுமா?” என்று கேட்பார்கள். “ஓடும்” என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் மகளின் நிச்சயத்தில் கேட்டபோது, பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் அந்தப் பையன் எழுந்து நின்று, பழைய பதிப்புகளை ஏன் கைவிட்டே ஆக வேண்டும் என்று விரிவாக விளக்கினான். யாரும் சிரிக்கவில்லை.

“ஏட்டி, இங்கன வா” என்று மகளைக் கூப்பிட்டாள் கோமதி.

நான் அவசரமாகப் பையனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். “தம்பி, ஓடும்னு ஒரு வார்த்த சொல்லிருங்க.”

“ஆனா நிஜமாவே ஓடாதே மாமா?”

“எனக்கும் அப்பிடித்தான் தோணிச்சு” என்றேன்.