மாப்பிள்ளையின் ஜீப்பை விற்பது குறித்து

சங்கராபுரம்,
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திருநாவலூர் அரங்கநாதன் அவர்களின் சமூகத்துக்குச் சுப்புராயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே ஜெயம்மாள் சுகம். கள்ளக்குறிச்சியில் மகளும் மாப்பிள்ளையும் சுகம். என் இடுப்பு நீங்கலாக நானும் சுகம். இடுப்பின் விவரம் கீழே வருகிறது. அங்கே தாங்களும் லட்சுமியம்மாளும் கறவை மாடுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆவணி மாதத்தில் தாங்கள் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னது நினைவிருக்கும். உரக்கடையைப் பார்க்க வேண்டிய என் மகன் மணிமாறன் பழைய ஜீப் ஒன்றை வாங்கிக்கொண்டு, ரோடு இல்லாத இடமாகத் தேடித்தேடிப் போகிற கிளப்பில் சேர்ந்திருக்கிறான். நீங்களும் ஒரு தடவை கூடப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள், போனில் சொன்னால் பேச்சோடு போய்விடும், உங்கள் எழுத்தைப் பார்த்துத்தான் ஜீப்பை வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்வேன் என்றீர்கள். மாப்பிள்ளைக்கும் இது தெரிந்துவிட்டது. ஆகையால் இந்த மூன்று மாதமாக அவர் என்னைக் கவனித்த கவனிப்பு, கல்யாணத்தில் நான் அவரைக் கவனித்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. நடுநிலை தவறக் கூடாது என்பதால் அவர் வாங்கித் தந்த டீயை நான் தொடவில்லை. வடையை மட்டும் சாப்பிட்டேன்.

கிளப்பின் பெயர் கரடுமுரடு கிளப். சும்மா, கேஷுவலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா ஜீப்பும் சேர்ந்து கல்வராயன் மலைக்குப் போய்வருவது என்று பேச்சு. கேஷுவல் என்றால் திட்டமே போடாமல் போவது என்று கிளப்பில் இருக்கும் பல் டாக்டர் எனக்கு விளக்கினார். அப்படித் திட்டமே போடாமல் போவதற்கான திட்டக் கூட்டங்கள் பரோட்டாக் கடை மாடியில் தொடங்கின. முதலில் புரட்டாசி என்றார்கள். புரட்டாசியில் கறி ஆகாது, கறி இல்லாமல் மலைக்கு எதற்குப் போவது என்று ஜவுளிக்கடை ராசு எழுந்து போய்விட்டார். ஐப்பசி என்றால் தீபாவளி, ராசு கடையை விட்டு நகர முடியாது. கார்த்திகை பிறந்ததும் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார்கள். அதில் முதல் ஆள், கறி கேட்ட ராசு. மார்கழிக்குத் தள்ளினால் மலையில் சேறு காய்ந்துவிடும், சேறு இல்லாவிட்டால் இவர்களுக்குப் பயணமே இல்லை. ஆகவே கார்த்திகையிலேயே, மாலை போட்டவர்கள் மாலையோடு, சாம்பார் சாதத்தோடு போவதென்று முடிவாயிற்று. அன்றைக்கு ஜீப் ஓட்டியவர்களில் பாதிப் பேருக்குக் காலில் செருப்பில்லை. “சாமி, கிளச்சை வுடுங்க சாமி” என்று ஒருவரை ஒருவர் பயபக்தியோடு அதட்டிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் மாப்பிள்ளை சேலத்து ஜீப் கிளப்பையும் விருந்தாளியாக அழைத்துவிட்டார். அவர்கள் மெச்சினால் நான் நல்லபடி எழுதுவேன், நான் நல்லபடி எழுதினால் ஜீப் தங்கும் என்பது அவர் கணக்கு. வெள்ளிமலைக்கு அப்பால் ஒத்தப்புளிக்காடு என்று ஒரு சிற்றூர். அந்த ஊருக்குப் போகும் பாதையைப் பெண் போட்டோ காட்டுவதுபோலப் போனில் எனக்குக் காட்டினார். மாடு படுக்கிற அகலத்துக்குப் பள்ளம், ஆள் உயரத்துக்குப் பாறை, நடுவில் ஓடை. “இந்த மாதிரி ஒரு பாதை ஜில்லாவுலயே கெடையாது மாமா” என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

இவ்வளவு ஜீப் ஒரே நாளில் போய் இறங்கினால் ஊர்க்காரர்கள் மிரளுவார்கள், முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள் என்று அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். ஒரு போன் போட்டால் போதும் என்றார் மாப்பிள்ளை. முப்பது வருஷம் தலைமை எழுத்தராக இருந்தவன் வாய்மொழியாக ஒரு காரியத்தை எப்படிச் செய்வது, நீங்களே சொல்லுங்கள். அந்த ஊர் வார்டு உறுப்பினருக்குக் கடிதமே எழுதினேன். “வரும் ஞாயிறு முற்பகல் வாகனங்கள் மேற்படி பாதை வழியே வந்து, பாதையின் நிலையை நேரில் கண்டறிய உள்ளன. ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.” கீழே, நகல் கோப்புக்கு என்றும் போட்டேன். கோப்பு எதுவும் கிடையாது. கை தானாகப் போட்டுவிட்டது.

சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை நாங்க மலையேறிப் போய்ப் பாதை முனையில நிக்கிறோம், அங்க வாழைமரம் கட்டியிருக்குது. பள்ளத்தையெல்லாம் கல்லும் மண்ணும் போட்டு மூடி, பாறையை உருட்டி ஓரமாத் தள்ளி, ஓடையில கல்லடுக்கி, ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு வேற அடிச்சி வெச்சிருக்கறாங்க. சேலத்துக்காரங்க ஜீப்புல ஆனையைக் கட்டற கயிறு, தண்ணியில முழுகினா மூச்சு வுட ஒரு குழாய், எல்லாம் மாட்டிக்கினு வந்தவங்க. அவங்க தலைவர் எறங்கிப் பார்த்துட்டு, எங்க ஊரு பைபாஸைவிட இது நல்லா இருக்குதே மணி, என்றார். அந்த நேரம் பார்த்துப் பின்னால வந்த ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடிச்சி வழி கேட்டு எங்களைத் தாண்டிப் போச்சு. மாப்பிள்ளை முகத்தை நான் பார்க்கலை. பார்க்கிற தைரியம் வரலை.

ஊருக்குள்ள போனதும், கண்ணாடி போட்டு முழுக்கைச் சட்டை மாட்டியிருந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் மாலை என் கழுத்தில விழுந்தது. போட்டவர் சாலம்மாள், அந்த ஊர் வார்டு உறுப்பினர். ரோட்டைச் சரி பண்ணிட்டம், பஸ் எப்ப வுடுவீங்க சார் என்று கேட்டு, கையில ஒரு மனுவும் கொடுத்தார். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். அப்புறம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, உள்ளதைச் சொல்லிட்டார்: நாங்க ஆபீசருங்க இல்லைங்க, கெட்ட ரோட்டுல வண்டி ஓட்டிப் பார்க்க வந்தவங்க. சாலம்மாள் என்னை மேலயும் கீழயும் பார்த்தார்.

“மோசமான ரோடுதான் வோணும்னு லெட்டர்ல ஒரு வார்த்தை எழுதினா இன்னா சார்? ஊரே மண்ணு சொமந்துக்கினு கெடந்துது. தெரிஞ்சிருந்தா கையே வெச்சிருக்க மாட்டமே.”

எனக்கு மாலையைக் கழட்டறதா வேணாமான்னு தெரியலை. அதுக்குள்ள அவர் வூட்டுக்காரர் வேடியப்பன் சிரிச்சிட்டார். சிரிப்பு ஊர் முழுக்கப் பரவினப்புறம், மேற்கால எங்க கிழங்குக் கொல்லைக்குப் போற வழி ஒண்ணு இருக்குது, அதுல நாங்களே நடக்க யோசிப்போம், அது ஆவுமா என்று கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை, சும்மா போகக் கூடாது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி மூட்டை கட்டிக் கொல்லையில கெடக்குது, ரோட்டுல லாரி நிக்கிற எடத்துக்கு வந்து சேரணும்.

அந்தச் சரிவை என்னால விவரிக்க முடியாது, முக்கால்வாசி நேரம் கண்ணை மூடியிருந்தேன். சேலத்துக்காரர் மினுமினுன்னு துடைச்சி வெச்ச ஜீப்புல கிழங்கு மூட்டை ஏறிச்சு, சந்தோஷமா ஏத்திக்கினார். ராசு சாமி சேத்துல எறங்கித் தள்ளினார், சரணம் சொல்லிக்கினே. எங்க ஜீப்புல மூட்டை மேல சாலம்மாள் உட்கார்ந்து, பீச்சாங்கைப் பக்கம் ஒடி, சோத்துக்கைப் பக்கம் ஒடி என்று வழி சொன்னார். ஒரு எடத்துல வண்டி தயங்கி நின்னுடுச்சு. “ஆடு எறங்குது சார். உங்குளுக்கு நாலு சக்கரமும் சுத்தும்னு சொன்னாங்களே?” என்றார். வண்டி இறங்கியது. என் இடுப்பும் அங்கேதான் இறங்கியது.

ஆக, தாங்கள் கேட்டபடி என் அபிப்பிராயம் பின்வருமாறு. இந்த ஜீப்பால் உரக்கடைக்கு ஆதாயமில்லை. டீசல் குடிக்கிறது, உடம்பைக் கெடுக்கிறது, நடுத்தர வயது ஆண்களைச் சேற்றில் சிரிக்க வைக்கிறது. குடும்பஸ்தர் வைத்திருக்கத் தக்க பொருள் அல்ல. தாராளமாக விற்றுவிடலாம் என்பதே, யாருடைய டீக்கும் ஆட்படாத என் கருத்து.

லட்சுமியம்மாளுக்கு எங்கள் வணக்கம். தங்கள் வயலில் பொன் விளையட்டும், பம்புசெட் பழுதாகாமல் ஓடட்டும் என வேண்டும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சுப்புராயன்.

பின்குறிப்பு: வரும் ஞாயிறு வரை விற்க வேண்டாம். ஒத்தப்புளிக்காட்டில் இன்னும் பாதிக் கிழங்கு கிடக்கிறது, வருவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அவர்களின் பஸ் மனுவை நல்ல தமிழில் திருப்பி எழுதி, போகவேண்டிய இடத்துக்கு அனுப்பிவிட்டேன். இப்போது நிஜமாகவே கோப்பு இருக்கிறது. மேலும், அந்தச் சரிவில் ஜீப்பை இறக்கியது மாப்பிள்ளை அல்ல. அவர் முன்னால் நடந்து கை காட்டிக்கொண்டு வந்தார். ஸ்டியரிங் என்னிடம் இருந்தது. கண்ணை மூடியிருந்ததாக எழுதியது ஜெயம்மாள் இந்தக் கடிதத்தைப் பார்க்க நேர்ந்தால் என்பதற்காக. ஞாயிறு காலை தங்களுக்கு முன் சீட் போட்டு வைத்திருக்கிறோம். ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.