முசே ஜூலியனின் கடைவாய்ப் பல்

உப்பளம் பகுதியே அந்த வாரம் வாயைப் பிளந்து நின்றது. காரணம், பல்லெலும்புச் சித்தர். ஈறுக்குள் பூச்சி புகுந்து தாடை எலும்பைத் தின்கிறதாம். சித்தர் கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் பூச்சியை எடுத்துவிட்டால், கரைந்த எலும்பு அந்த நிமிடமே வளர்ந்துவிடுமாம். முருங்கைக் கொம்பு நட்டால்கூட அவ்வளவு வேகமாய்த் துளிர்க்காது.

வரிசையில் அஞ்சலாட்சியும் நின்றாள். லாஸ்பேட்டைக் கல்லூரி அலுவலகத்தில் வேலை. முன்பற்கள் இரண்டும் ஆடின. ஈறைத் திறந்து எலும்புத்தூள் வைத்துத் தைக்க வேண்டும், விட்டால் பற்கள் போய்விடும் என்று பல் டாக்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். "வளர மாசக்கணக்காகும். முழுசா வளரும்னு சத்தியம் பண்ண முடியாதும்மா" என்றும் சொன்னார். சத்தியம் பண்ணாத மனிதரை யார் நம்புவது? சித்தர் மூச்சுக்கு மூச்சு சத்தியம் பண்ணினார்.

"திங்கக்கெழம வரலன்னு டாக்டருக்குப் போன் பண்ணிட்டியா?" பின்னால் பக்கத்து வீட்டு ஜூலியன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; அதனால் தெருவே அவரைப் பிரெஞ்சில் 'ஐயா' என்பதுபோல 'முசே' என்றுதான் கூப்பிடும்.

"இன்னும் இல்ல முசே. பூச்சி வந்ததும் பண்ணிடுவேன்."

"அப்போ மொதல்ல எனக்குப் பாக்கட்டும். கடவாப் பல்லுல உயிர் போவுது."

சித்தர் ஜூலியன் வாயில் புகை ஊதினார். துணி விட்டுத் துடைத்தார். துணியில் வெள்ளைப் புழு நெளிந்தது. கூட்டம் "ஆ!" என்றது. சித்தர் பல்லைக் கரண்டியால் தட்டினார்.

"கேட்டியா சத்தம்? வேர் வரைக்கும் எலும்பு! யானை கட்டி இழுத்தாலும் இனிமே வராது!"

"நெசமாவா சாமி?"

"என் குருமேல ஆணை!"

ஜூலியன் வாய்க்குள் விரல் விட்டார். மேல்வரிசை முழுவதையும் கழற்றிச் சித்தர் கையில் வைத்தார். "பாரீஸ்ல செஞ்சது சாமி. பிளாஸ்டிக். வேர் எங்கன்னு காட்டுங்க."

அஞ்சலாட்சி சிரித்த சிரிப்பில் முன்பற்களை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மறு கையால் சித்தரின் துணியைப் பிடுங்கி உதறினாள். மடிப்பிலிருந்து புழுக்கள் உதிர்ந்தன. அடுத்த வாய்களுக்காகக் காத்திருந்தவை.

சித்தர் ஓட்டம் பிடித்தார். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த ஆதிமூலம் மட்டும் அசரவில்லை. "பொய்ப் பல்லுலயே பூச்சி எடுத்துட்டாருன்னா, அவரு சக்தியப் பாருங்களேன்!"

பாதிக் கூட்டம் தலையாட்டியது.

அஞ்சலாட்சி டாக்டருக்குப் போன் போட்டாள். "திங்கக்கெழம கண்டிப்பா வந்துடுறேன் சார்."

ஜூலியன் பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு ஆதிமூலத்தின் தோளில் கை வைத்தார்.

"ஈறுக்குள்ள எலும்பு இல்லன்னா, வெக்கிறதுக்கு டாக்டர் இருக்காருப்பா. மண்டைக்குள்ள இருக்குறத நீயேதான் எடுத்துப் பொழங்கணும்."