வண்டி நெற்றியில் எழுதிய பெயர்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதுவது. இங்கே நான், உங்கள் மகள், உங்கள் பேத்தி மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அத்தையும், புதிதாகப் பெயின்ட் அடித்த வேனும் சௌக்கியம்தானே? வேனின் போட்டோ கிடைத்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, அதைக் கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்து வைத்திருக்கிறீர்கள். உங்களைப் போல வண்டியைக் கவனிக்கிறவரை நான் பார்த்ததே இல்லை. முன்கண்ணாடிக்கு மேலே, நீல நெற்றியில், மஞ்சள் எழுத்தில் சிவப்பு நிழல் கொடுத்து "ஆழினி" என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன். எழுத்து அபாரம். அங்கேதான் மாமா சிக்கல்.

எல்லார் வீட்டிலும் தாத்தா பழைய பெயரைச் சொல்வார், அப்பன் புதுப் பெயரைச் சொல்வான். நம் வீட்டில் எல்லாமே தலைகீழ். நீங்கள் ஆழினி என்றீர்கள், நான் பொற்கொடி என்றேன். இன்னும் முடிவாகவில்லை என்று போனில் சொன்னதற்கு, "அதனால என்ன மாப்ள, நான் முடிவு பண்ணிட்டேன்" என்று சிரித்தீர்கள். வேடிக்கைக்குச் சொல்கிறீர்கள் என்று நானும் சிரித்து வைத்தேன். பெயின்டரைக் கூப்பிட்டு ஏணி போடுவீர்கள் என்று யார் கண்டது? ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் பேத்தியைப் பார்க்க வருகிறீர்கள். வாசலில் வைத்து உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். பேத்தியின் பெயர் பொற்கொடி என்று முடிவாகிவிட்டது. கடிதத்தைக் கசக்கி எறியாமல், எப்படி முடிவானது என்பதையும் படித்துவிடுங்கள்.

நான் பஸ் நிலையத்தில் மைக்கில் கத்திப் பிழைக்கிறவன். பெயர் என்றால் எனக்கு இரைச்சலைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். போன வாரம் கூட்டம் குறைந்த மதிய வேளையில் மனம் குறுகுறுத்தது. மைக்கை எடுத்து, "ஆழினி, எங்கிருந்தாலும் விசாரணை அறைக்கு வரவும்" என்றேன். ஒரு ஈ காக்கை திரும்பவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொற்கொடி, எங்கிருந்தாலும் விசாரணை அறைக்கு வரவும்" என்றேன். நிலையமே ஒரு தடவை நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சரி, என் பெயர் ஜெயித்தது என்று நான் டீயை ஒரு வாய் குடிப்பதற்குள் மூன்று பொற்கொடிகள் அறைக்குள் வந்துவிட்டார்கள்.

ஒருவர் கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல். ஒருவர் பூண்டு மூட்டையோடு வந்த வியாபாரி அம்மாள். இன்னொருத்தி எடை தூக்கும் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்த கல்லூரிப் பெண், அந்த அம்மாளின் மூட்டையைக் கைப்பை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். "யாரு கூப்பிட்டது? வீட்டுல யாருக்காவது ஏதாவதா?" என்று மூவரும் பதறுகிறார்கள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். மைக்கைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது எந்தச் சட்டத்தில் வரும் என்று வக்கீல் ஆரம்பித்தார். அப்புறம் அவரே, "ஆனா பேரு நல்ல பேருங்க. கோர்ட்டுல என்னைக் கூப்பிட்டா வாசல்ல நிக்கிறவன்கூட திரும்பிப் பாப்பான்" என்றார். கல்லூரிப் பெண், "இந்தப் பேரைக் கேட்டா எதிர்ல நிக்கிறவ முதல்லயே கொஞ்சம் பயப்படுவா அண்ணா" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே மூவருக்கும் மாலை போட வேண்டும் போல இருந்தது. பூண்டுக்கார அம்மாள் மட்டும், "தூரத்துல நின்னு கூப்பிட நல்ல பேருதான் தம்பி. மடியில போட்டுக்கிட்டுக் கூப்பிட்டுப் பாத்தியா?" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் இந்தப் பேச்சில் நான் அறிவிக்காமல் விட்ட பஸ் பாதி காலியாகக் கிளம்பிப் போய்விட்டது. அதில் போயிருக்க வேண்டியவர் அந்த அம்மாள். மேலாளர் வந்து, "இங்க ஊர் பேரைச் சொல்லத்தான் சம்பளம், உங்க வீட்டுப் பேரைச் சொல்ல இல்ல" என்று என்னை மைக்கிலிருந்து இறக்கி, தொலைந்த சாமான்கள் அறையில் உட்கார வைத்துவிட்டார். இப்போது ஒற்றைச் செருப்புகளுக்கு நடுவேதான் என் உத்தியோகம்.

வீட்டில் வந்து சொன்னால் வேறு யாராவது சண்டை போட்டிருப்பார்கள். உங்கள் மகள் சிரித்தாள். அவளைப் பெற்றதற்கு உங்களுக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் தகும் மாமா. பெயின்ட் கடையில் நிறம் கலக்கிக் கலக்கி அவளுக்கு ஒரு நிதானம் வந்திருக்கிறது. புருஷனுக்கு ஒரு பச்சை, பெண்டாட்டிக்கு வேறொரு பச்சை என்று வந்து நின்றால், இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் பூசிவிட்டு, காய்ந்த பிறகு வாருங்கள் என்பாளாம். "பேரையும் அப்படியே பாத்துடலாம். காலையில ஆழினி, சாயங்காலம் பொற்கொடி. ஈரத்துல எல்லா நிறமும் அழகாத்தான் இருக்கும், காயட்டும்" என்றாள். தன் அப்பா சொன்ன பெயர் என்று ஒரு துளி ஓரவஞ்சனை காட்டவில்லை. காலையில் ஒரு பெயரும் சாயங்காலம் ஒரு பெயருமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், நமக்கு இரட்டைக் குழந்தை என்று நினைத்து ஒரே மாதிரி இரண்டு கவுன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரே குழந்தை என்று சொன்னால் மனிதர் நம்பாமல் தொட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்கிறார்.

நேற்று, "காஞ்சிருக்கும், எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். நான் பொற்கொடி என்றேன். "நல்லா யோசிச்சீங்களா?" "யோசிச்சாச்சு." "அப்ப அப்பாவுக்கு நீங்களே எழுதுங்க" என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டாள். எழுதிவிட்டேன். உங்கள் மனம் என்ன பாடுபடும் என்று தெரியும் மாமா. நீங்கள் ஏணிக்குக் கீழே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுத வைத்திருப்பீர்கள். எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. உங்கள் மகளிடம் சொல்லி, உங்கள் வண்டி நீலத்தை அச்சு அசலாகக் கலந்து ஒரு டப்பா தயாராக வைக்கச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே ஏணியில் ஏறி அந்த எழுத்தை மூடித் தருகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தையை மனதார ஆசீர்வதியுங்கள், என்னையும் மன்னித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது குழந்தை விழித்து வீறிட்டது. தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்தேன். அது அடங்கித் தூங்கிய பிறகு திரும்பினால், உங்கள் மகள் கதவோரம் நின்று சிரிக்கிறாள்.

"இப்ப என்ன பேரு சொல்லித் தட்டினீங்க?"

"பொற்கொடின்னுதான்."

"ஆழினிக் குட்டி, ஆழினிக் கண்ணுன்னு அது காதுக்குள்ள சொன்னீங்க. இன்னிக்கு மட்டுமா? அது அழும்போதெல்லாம் இதேதான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"காயறதுக்கு முன்னாடி கை வைக்கக் கூடாதுங்க."

பூண்டுக்கார அம்மாள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேத்தி ஆழினிதான் மாமா. நெற்றியில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாதீர்கள், அப்படியே வாருங்கள். ஆனால் வண்டியின் பின்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இடம் காலியாக விட்டு வையுங்கள். பொற்கொடி என்ற பெயரைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய இரண்டாவது கவுனும் புதிதாகவே இருக்கிறது. இதை உங்கள் மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.