அமுதத் துளிக்கு நடந்த பூசை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அன்று ஒரு கல்யாண மண்டபம் கோயிலாயிற்று. மூலவர் ஒரு போத்தல். திருநாமம் 'அமுதத் துளி'. பூசகர் பசுமைச் சித்தர். பெற்றோர் அவருக்குச் சிவபாதசுந்தரம் என்று பெயர் வைத்திருந்தனர். அப்பெயர் முற்பிறப்பில் என்ன பாவம் செய்ததோ.

மொட்டைமாடித் தொட்டிகளில் கத்தரியும் பசளிக்கீரையும் வளர்ப்போர் கொட்டாஞ்சேனையிலிருந்துகூட பஸ் ஏறி வந்து குவிந்தனர். சித்தர் பழம் பதிகம் ஒன்றைப் பாடினார். பாடும்போதே நடுவில் போத்தலின் பெயரைச் செருகினார். யாப்பு முறிந்து விழுந்தது. அன்று அவர் கொன்ற முதல் உயிர் அதுவே.

"இது இயற்கை. மந்திரம் ஏற்றின மூலிகைத் தண்ணி. அடிச்சால் செடியில பூச்சி நிக்காது. பச்சைக் குழந்தையைக்கூட இதிலை குளிப்பாட்டலாம்" என்றார்.

பாம்பின் நஞ்சும் இயற்கைதான். எவரும் அதைப் பாயசத்தில் கலப்பதில்லை. ஆயினும் கூட்டம் தலையாட்டியது.

சித்தர் கத்தரிச்செடி ஒன்றில் ஒருமுறை தெளித்தார். செடிப்பேன் உதிர்ந்தது. தற்செயலாக அவ்வழி சென்ற எறும்பு உதிர்ந்தது. பூவை நாடி வந்த தேனீயும் உதிர்ந்தது. "அரோகரா" என்றது கூட்டம்.

முன்வரிசையில் ஜெகதீஸ்வரி கைகூப்பி நின்றார். அருகில் ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் யதுஷா. வீட்டு மாடியில் விளையும் கீரைதான் அவளுக்கு நாள்தோறும் கறி. அக்கீரைக்கு அடிக்கவே ஜெகதீஸ்வரி போத்தல் வாங்க வந்திருந்தார். பக்கத்து வீட்டு நிஷாந்தினியும் உடன் வந்திருந்தாள். பூச்சிமருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை.

"அக்கா, உண்மையான உயிர்ப் பூச்சிமருந்து இப்படி உடன கொல்லாது. பூஞ்சணம் எண்டால் பூச்சியில முளைச்சு, அது சாக நாலைஞ்சு நாள் செல்லும். இதுக்குள்ள வேற ஏதோ கிடக்கு" என்று ஜெகதீஸ்வரியின் காதோடு சொன்னாள்.

"எல்லாத்திலயும் பிழை பிடியும். உங்கட ஆய்வுகூடத்திலை சாமிப்படம் இல்லையோ?"

"இருக்கு அக்கா. ஆனா போத்தல்ல லேபிளும் இருக்கும்."

அவள் சித்தரிடம் சென்றாள். "சாமி, ஆபத்துக் குறைஞ்ச மருந்துகளை அரசாங்கத்தில கெதியாப் பதிஞ்சு, தோட்டக்காரர் கையில குடுக்கத்தான் நாங்களும் பாடுபடுறம். சோதிச்சுப் பார்க்க ஒரு போத்தல் தாங்கோ."

"காற்றைப் பதியிறதோ, பிள்ளை? தெய்வத்தைச் சோதிக்கிறதோ?"

கூட்டம் அவளை முறைத்தது. வெற்றிக் களிப்பில் சித்தர் ஒரு படி மேலே போனார். போத்தலைச் செப்புச் செம்பில் ஊற்றினார், துளசி இட்டார், மணியடித்து, கற்பூரமும் காட்டினார்.

அங்கேதான் பிழை நேர்ந்தது.

கற்பூரம் கண்டால் நம்மவர் கை அடுத்து என்ன செய்யும்? தானாகவே குழியும். மண்டபம் முழுவதும் வலக்கைகள் தீர்த்தத்துக்கு நீண்டன.

"முதல்ல இவவுக்குத் தாங்கோ சாமி, பிள்ளைத்தாச்சி" என்று யதுஷாவை முன்னே தள்ளினார் ஜெகதீஸ்வரி.

சித்தர் செம்பைப் பின்னுக்கு நகர்த்தினார். "இது... செடிக்கு மட்டும், அம்மா."

"குழந்தையைக் குளிப்பாட்டலாம் எண்டீங்கள். வயித்தில இருக்கிற குழந்தைக்கு மட்டும் ஆகாதோ?"

நிஷாந்தினி யதுஷாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்ப பூசை செய்தவர் முதல்ல எடுக்கட்டும்."

"நான் இண்டைக்கு விரதம்."

"தீர்த்தம் குடிச்சால் விரதம் முறியாது, சாமி" என்றார் ஜெகதீஸ்வரி. ஐம்பது ஆண்டு கந்தசட்டி விரதம் பிடித்தவரிடம் இந்தச் சாக்கு எடுபடுமா?

கூட்டம் நெருக்கியது. பொறுமையிழந்த பெரியவர் ஒருவர் செம்பைத் தாமே தூக்கி உள்ளங்கையில் சரித்தார்.

"குடியாதேங்கோ, அது நஞ்சு" என்று அலறியபடி சித்தர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

நீண்டிருந்த கைகள் எல்லாம் ஒருங்கே பின்வாங்கின.

நிஷாந்தினி பெரியவரைக் கை கழுவக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, பூசை மேசையிலிருந்து தொங்கிய துணியைத் தூக்கி அடியில் பார்த்தாள். மண்டையோட்டுப் படம் பாதி கிழிந்த இரசாயனக் கேன், பக்கத்தில் சந்தன வாசனைத் தைலம், ஒரு புனல். மூலிகையின் முழு வமிசமும் அவ்வளவே.

"கொஞ்சம்தான் கலந்தனான்" என்றார் சித்தர்.

ஜெகதீஸ்வரி மருமகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தம்பி, வாசல் கேட்டைப் பூட்டும், இவர் ஓடப்பிடாது" என்று காவலாளியிடம் சொன்னவர், நிஷாந்தினியிடம் திரும்பினார். "உங்கட லேபிள் ஒட்டின மருந்து எங்க வாங்கலாம், பிள்ளை?"

பின்வரிசையில் ஒருவர் மட்டும் இன்னும் கைகூப்பியே நின்றார். "சாமி, மந்திரத்தை மட்டும் தனியாத் தருவீங்களோ?"

ஐயா, கும்பிடுவதற்குக் கை தந்தவன் வாசிப்பதற்குக் கண்ணும் தந்திருக்கிறான். பூச்சிக்கு மருந்து கிடைத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டும் நமக்குத்தான் இன்னும் எவரும் மருந்து பதியவில்லை.